நாற்பது கதிரை

வெள்ளிக்கிழமை காலை
கெர்லிண்டே என் கையில் ஒரு விளக்குமாறு தந்தாள்.
கூட்டுவதற்கு இல்லை.
படலையில் தொங்கவிட.

பேர்ச் மரத்துச் சுள்ளி, கழுத்தில் சிவப்பு ரிப்பன்.
அது தொங்கினால் கடை திறந்தாயிற்று என்று அர்த்தமாம்
ரெம்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில்.

வெளிக்கிடும்போது விளக்குமாறு கண்ணில் பட்டால்
திரும்பி வந்து
ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள்.
இங்கே அதைக் கண்டுதான்
கார்கள் பிரேக் பிடிக்கின்றன.

சட்டம் இரண்டு என்றாள்.
வருஷத்தில் நாலு மாதம். நாற்பது கதிரை.
நாற்பத்தொன்று போட்டால் அது உணவகம்.
உணவகம் என்றால் வேறு வரி, வேறு கழிப்பறை,
வேறு அதிகாரி.
முன்பு மாடு கட்டிய அறையில்
கதிரைகளை நானே எண்ணினேன்.
ஒன்றுக்குக் கால் ஆடியது.
அதையும் சேர்த்துத்தான் நாற்பது.

சனிக்கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து பஸ் வந்தது.
ஒருநாள் அறுவடை அனுபவம்:
ஆளுக்கு முப்பத்தெட்டு யூரோ,
கத்தரிக்கோல் இரவல்.

சரிவில் ஒரே வரிசை.
இந்தப் பக்கம் ஃப்ளோரிகாவும் அவள் மச்சான்மாரும்,
ருமேனியாவிலிருந்து வந்து
வெட்டுவதற்குக் காசு வாங்குகிறவர்கள்.
அந்தப் பக்கம் வங்கி ஆட்கள்,
வெட்டுவதற்குக் காசு கட்டியவர்கள்.
நடுவில் திராட்சை.
அதற்குக் கணக்குத் தெரியாது.

டோர்ஸ்டன் என்று நெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தவர்
ஒவ்வொரு குலையையும் வெட்டமுன் படம் எடுத்தார்.
ஃப்ளோரிகா மூன்று வாளி முடித்து
நாலாவதை அவருடைய வாளிக்குள் கொட்டினாள்.
இரக்கத்தால் இல்லை.
வரிசை முடிந்தால்தான் வீடு.

மூன்று மணிக்கு மழை பிடித்தது.

நான் காலையிலிருந்து பதினெட்டுக் கிலோ வெங்காயம் வெட்டியிருந்தேன்.
அழுது முடிந்த முகத்தோடு
வெங்காயக் கேக்கைத் தட்டுத் தட்டாக வெளியே அனுப்பினேன்.
மேலே பன்றிக் கொழுப்பும் பாலாடையும்,
சோம்புக்குத் தம்பி மாதிரி ஒரு விதையும்.
பக்கத்தில் புது வைன்,
போத்தலுக்குள் இன்னும் புளித்துக்கொண்டு.
அதன் வாயை இறுக்கி மூடக்கூடாது.
மூடினால் சுவரில்தான் தேட வேண்டும்.

கதிரை நாற்பதும் நிறைந்த பிறகு
தோட்டத்து ஆட்கள் ஏழு பேர் வந்தார்கள்.
தாழ்வாரத்தில் நின்றார்கள்.
கைச்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.
டோர்ஸ்டன் எழும்பித் தன் கதிரையைக் காட்டினார்.
ஃப்ளோரிகா வேண்டாம் என்றாள்.
அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழும்பினார்கள்.
அதுவும் வேண்டாம்.
கொஞ்ச நேரம் அந்த அறையில்
ஐந்து கதிரை காலியாக,
பன்னிரண்டு பேர் நின்றபடி.

மூலையில் சாம்பல் கோட்டோடு ஒருவர்
தனியே தின்றுகொண்டிருந்தார்.
அதிகாரியாகத்தான் இருக்கும் என்று
சமையலறையில் எல்லோரும் நம்பினோம்.

கெர்லிண்டே கையைத் துடைத்தாள்.
போய் விளக்குமாற்றைக் கழற்று என்றாள்.

மழையில் கம்பி வழுக்கியது.
பல்லால் கடித்து இழுத்தேன்.
விளக்குமாறு இல்லையென்றால் கடை இல்லை.
கடை இல்லையென்றால் கதிரைக்குக் கணக்கு இல்லை.
காசும் வாங்க ஏலாது என்பது
திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது.
அவளுக்கு முதலே தெரியும்.

திராட்சைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டோம்.
ஆடுகிற கதிரையை டோர்ஸ்டன் எடுத்துக்கொண்டார்.
சூப்பை அகப்பையோடு கொண்டுவந்து வைத்துவிட்டு
நானும் இருந்தேன்,
நாற்பத்தெட்டாவது ஆளாக.
முதல் முறையாக அந்தக் கேக்கைச் சூடாகத் தின்றேன்.
உப்பு கொஞ்சம் கூட.
என் கைதான்.

இரவு பாண் கூடைக்குள்
தாளும் சில்லறையுமாக இருநூற்றுத் தொண்ணூற்றொரு யூரோ,
யாரோ மறந்த கத்தரிக்கோல் ஒன்று.
வழமையான சனிக்கிழமையில் பாதி.
சாம்பல் கோட்டுக்காரர் ஒன்றும் வைக்கவில்லை.
மூன்று துண்டு தின்ற மனிசன்.

தரையெல்லாம் தோட்டத்துச் சேறு.
கைக்கு எட்டியது அந்த விளக்குமாறுதான்.
ரிப்பனை அவிழ்த்து வைத்துவிட்டுக் கூட்டினேன்.
கெர்லிண்டே வாசலில் நின்று பார்த்தாள்.
அது அதற்கில்லை என்று சொல்ல வாயெடுத்து
காலைத் தூக்கி வழி விட்டாள்.

நாளைக் காலை படலையில் கட்டும்போது
சுள்ளிகளுக்கிடையில் ஒரு திராட்சைத் தோல் இருக்கும்.
நான் எடுக்கப் போவதில்லை.